நெஷ் என்றால் என்ன?

சிவமயம்

மொன்றியல்
14.11.2023

அன்பு மகள் கஜந்தினிக்கு,

அம்மா எழுதுவது. நொட்டிங்காமிலிருந்து உன் கடிதம் வந்தது. மருமகன் இப்போது பெயர் சொல்லாமல் உன்னை "நெஷ்" என்றுதான் கூப்பிடுகிறார் என்று எழுதியிருந்தாய். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நேசம் என்பதைத்தான் அங்கே பிறந்த பிள்ளை மடக்கிச் சொல்கிறார். தமிழ் வாசிக்கத் தெரியாவிட்டால் என்ன, வேண்டிய சொல் வந்துவிட்டதே.

போன பங்குனியில் நீ கோபித்துக்கொண்டு இங்கே வந்து நின்றபோது, "பிள்ளையாரை நினைச்சுக்கொண்டு போ, எல்லாம் சரிவரும்" என்று திருப்பி அனுப்பினேன். விமான நிலையத்தில் என் முகத்தைக்கூட நீ பார்க்கவில்லை. இப்போது பார். கோயிலில் என் சிநேகிதி சர்மிளாவுக்கும் சொன்னேன்.

குளிர் என்று எழுதியிருந்தாய். இங்கே கொட்டுகிற பனிக்குள் பிள்ளை பராமரிக்கிற கார்டெரிக்கு உன்னைத் தூக்கிக்கொண்டு நடந்தவள் நான். அங்கே என்ன பெரிய குளிர்?

அன்புடன்,
அம்மா பாலாம்பிகை

---

நொட்டிங்காம்
02.12.2023

அன்புள்ள அம்மாவுக்கு,

அந்தச் சொல்லைக் கோயிலில் சொல்லவேண்டாம்.

வீட்டுக்குள் கோட்டுப் போட்டுக்கொண்டு சமைக்கிறேன். ஹீட்டரை இவருடைய போனில் இருந்துதான் போடலாம்; வேலைக்குப் போகும்போது நிறுத்திவிடுவார். போடச் சொன்னால் அந்தச் சொல்லைச் சொல்லிச் சிரிக்கிறார். இருமல் விடவில்லை. என் போனையும் பார்க்கிறார். அதனால்தான் கடிதம்.

பொருளை அங்கே யாரிடமாவது கேளுங்கள். நான் சொன்னால் நம்பமாட்டீர்கள்.

கஜந்தினி

---

சிவமயம்

மொன்றியல்
19.12.2023

என் பிள்ளைக்கு,

கீழ் வீட்டு அக்னெஸ் நொட்டிங்காமுக்குப் பக்கத்தில் பிறந்தவள். உடுப்புத் தோய்க்கும் அறையில் கேட்டேன். "ஆர் நெஷ், நீயா? செருப்போட பனிக்குள்ள குப்பை போடப் போறவள்," என்று சிரித்தாள். உன்னை அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது. குளிர் தாங்காத சோணி என்று ஏசும் சொல்லாம். அவளுடைய தம்பிக்கு அடிக்க முதல் தகப்பன் அதைத்தான் சொல்லுவாராம். மிகப் பழைய ஆங்கிலத்தில் மென்மையானது, இளசானது என்றுதான் பொருளாம். இளசைக் கண்டால் பொத்திப் பிடிக்கவல்லவா தோன்றும்? அது எப்படி ஏச்சானது?

கணக்குக் கொப்பியில் வரவையும் செலவையும் நான் மாற்றி எழுதியதில்லை. இந்தச் சொல்லை வரவில் எழுதிவிட்டேன்.

தை மாதத்துக்கு விமான ரிக்கற் போட்டிருக்கிறேன். வா. ஆனால் மருமகனிடம் சொல்லிவிட்டு வா. பிடுங்குப்பட்டுக்கொண்டு வந்தாய் என்ற பேர் வேண்டாம்.

அம்மா

---

20.01.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கோட்டுப் பொக்கற்றில் வைத்துக்கொண்டுதான் வெளியே வந்தேன். அவரிடம் சொல்லவில்லை. இப்போது பெண்களுக்கான அடைக்கல விடுதி ஒன்றில் இருக்கிறேன். அறை சூடாக இருக்கிறது. நெஞ்சுச் சளிக்கு மருந்தும் தருகிறார்கள்.

ரிக்கற்றை ரத்துச் செய்யுங்கள். வந்தால் ஒரு மாதம் வைத்திருப்பீர்கள். பேந்து அவர் போனில் அழுவார். நீங்கள் விளக்கைக் கொளுத்திவிட்டு, "போ பிள்ளை" என்பீர்கள். இந்த முகவரியைத் தராததும் அதனால்தான். மருமகன் கேட்டால் சொல்லிவிடுவீர்கள்.

அந்தச் சொல்லின் பொருளை அக்னெஸ் சொல்லித்தான் அறிந்தீர்கள். பங்குனியில் உங்கள் குசினியில் அடுப்பருகே நின்று, அங்கே குளிருது அம்மா, என்னை அனுப்பாதேங்கோ என்றேன்.

அதைத் தமிழில்தான் சொன்னேன்.

கஜந்தினி