கடலைக்கொல்லைக் கொலை

ஆவணி 14, இரவு

புதிதாக வந்த துப்பறியும் நாவல்களில் இதுதான் நல்லது என்று பஸ் ஸ்டாண்டு புத்தகக் கடைக்காரன் கொடுத்தான். பாதி படித்தேன். கொலைகாரன் ஒரு முதலாளியைக் கொன்று கடலைக்கொல்லையில் புதைத்து, பிடுங்கிய செடிகளையே மேலே நட்டுவிடுகிறான். பத்து நாளாகியும் போலீசுக்குத் தெரியவில்லையாம். பிடுங்கி நட்ட கடலைச்செடி மறுநாளே வாடிவிடாதா? களையெடுக்க வருகிற பெண்கள் பார்த்தவுடன் சொல்லிவிடுவார்களே!

இன்று கடைக்குப் போய்க் கேட்டேன். “பெரிய இன்ஸ்பெக்டர் இவரு! பள்ளிக்கூடமே போகாத ஆளுக்கு நாவலப் பத்தி இன்னா தெரியும்?” என்று நாலு பேர் எதிரில் சிரித்தான். எழுத்துக்கூட்டி நானே படிக்கக் கற்றவன் நான். “நீயே வச்சிக்கடா” என்று புத்தகத்தை அவன் மேசைமேல் எறிந்துவிட்டு வந்தேன்.

செத்தாலும் அந்தக் கடைப்படி ஏறமாட்டேன்.

ஆனால் முதலாளியைக் கொன்றது தம்பியா, டிரைவரா? தெரியாமல் கண் மூட முடியவில்லை. அவனிடமா போய்க் கேட்பது?