தவளை இல்லாத கிணறு

1899 மார்ச் 6
எங்கள் தங்கச் சுரங்கக் கூலி லைன் வீடுகளின் கிணற்றுத் தண்ணீர் திடீரென்று தெளிந்துவிட்டது. எப்போதும் செம்மண் கரைத்தது போல இருக்கும். இப்போது அடிக்கல் வரை தெரிகிறது. பக்கத்து வீட்டு வெங்கடம்மா ஐந்து மாத வயிற்றோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள், மகள் குணசுந்தரி பின்னால். "அம்மன் கண்ணத் தொறந்துட்டா வாத்தியாரம்மா!"

மார்ச் 9
சில நாளாக எதுவோ குறைகிறதே என்று இருந்தது. இன்று சாயங்காலம்தான் பிடிபட்டது. தவளைச் சத்தம் இல்லை.

மார்ச் 13
பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கிணற்றை எட்டிப் பார்த்தேன். பாசி இல்லை. தலைப்பிரட்டை இல்லை. என் முகம் மட்டும். கண்ணாடியில்கூட அவ்வளவு தெளிவாக அதைப் பார்த்ததில்லை. காக்கை ஒன்று கிணற்றடித் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து குனிந்தது. குடிக்காமலே போய்விட்டது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவருக்கு மில்லில், தங்கம் பிரிக்கிற சயனைடுத் தொட்டியில் வேலை. சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து சொன்னார்.

"அந்தத் தண்ணி நமக்கு வேணாம் ஐடா. கழிச்ச மண்ண மேட்டுல கொட்றாங்க. அந்த வெஷம் ஊறினா எங்க போவும்?"

"லைன்ல எல்லாருக்கும் சொல்லுங்களேன்."

"சொன்னா எனக்கு வேல இருக்குமா?"

மார்ச் 20
குணசுந்தரிக்கு வாந்தி. நிற்க முடியாமல் சாய்கிறாள். அந்தத் தண்ணீர் வேண்டாம் என்று வெங்கடம்மாவிடம் கெஞ்சினேன். "வேற எங்க போவ? பங்காருபேட்ட ரோட்டுக் கெணறு ஒரு மைலு. அதுவும் உப்பு. இது கண்ணாடியாட்டம் கீதே!"

கம்பெனி டாக்டர் துரை வந்தார். தம்ளரில் மொண்டு வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். குடிக்கலாம் என்றார். தம்ளரைக் கீழே கவிழ்த்துவிட்டுக் குதிரை ஏறினார்.

மார்ச் 24
குணசுந்தரி போய்விட்டாள்.

மார்ச் 25
புதைத்துவிட்டு வந்தவர்களுக்குக் கால் கழுவ அந்தத் தண்ணீர்தான். வெங்கடம்மா ஒரு செம்பு வாங்கி வாயருகே கொண்டுபோனாள். தட்டிவிட்டேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அவள் கோபப்படவில்லை. "தொண்ட காயுது வாத்தியாரம்மா" என்றாள். வேறு யாரோ மொண்டு கொடுத்தார்கள். குடித்தாள். வயிற்றில் இருப்பதும் குடித்ததுதானே?

மார்ச் 27
பொய் சொல்லிவிட்டேன். கிணற்றடியில் ஏழெட்டுப் பேர். விஷம் என்று எத்தனை தரம் சொன்னேன், யார் கேட்டார்கள்? வாயில் வந்ததைச் சொன்னேன். "உள்ள ஒரு பொம்பள நிக்கிறா. நான் பார்த்தேன்." பேய் பிசாசு கிடையாது என்று பிள்ளைகளுக்குச் சொல்கிற வாய்!

யாரும் சிரிக்கவில்லை. கோடி வீட்டுச் சரோஜம்மா இறக்கிய வாளியைப் பாதியில் மேலே இழுத்தாள். ஒவ்வொருத்தியாக வெறும் குடத்தோடு போய்விட்டார்கள்.

ஏப்ரல் 4
கிணற்றடி காய்ந்து கிடக்கிறது. விடிந்ததும் எல்லோரும் ரோட்டுக் கிணற்றுக்கு நடக்கிறோம். வழியில் சரோஜம்மா சொன்னாள், அவளும் பார்த்தாளாம். அந்தப் பொம்பளைக்குக் கழுத்து வரை தண்ணீராம். தலையை நிமிர்த்தி மேலே பார்க்கிறாளாம்.

நான் அதையெல்லாம் சொல்லவில்லையே.

மே 2
கிணற்று விளிம்பில் மஞ்சளும் பூவும் வைத்திருக்கிறார்கள். வீட்டுக்காரர் ஷிப்டு முடிந்து கிணற்றடியைத் தொடாமல் சுற்றுவழியாக வருகிறார். "நான் சொன்ன பொய்தான், உங்களுக்குத் தெரியாதா?" என்றேன். "தெரியும்" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இருந்தாலும் சுத்தி வந்தா இன்னா."

மே 19
நானும் அந்தப் பக்கம் போவதை நிறுத்திவிட்டேன். ஏன் என்று எழுத வேண்டாம்.

ஜூலை 16
வெங்கடம்மாவுக்குப் பெண் குழந்தை. நல்ல கனம். லைன் முழுக்கக் கேட்கிற அழுகை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

பார்க்கப் போனேன். குழந்தையை என் மடியில் போட்டாள்.

"அந்தப் பொம்பளதான் தண்ணி எடுக்க வுடாம இத்தக் காப்பாத்திக் குடுத்தா. அவ பேரத்தான் வெக்கப்போறேன். நீங்கதானே மொதல்ல பாத்தீங்க. அவ பேரு இன்னா?"

இதற்கு மேல் மறைக்கக்கூடாது, உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"அலமேலு" என்று வந்தது.

எனக்கு அலமேலு என்று யாரையும் தெரியாது.