பின் ஸீட்டில் சுடாத கிளிகள்

விருத்தாசலம்
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் நிலவனுக்கு அம்மா செல்வநாயகி எழுதிக்கொள்வது.

அங்கே மஸ்கட்டில் உன் உடம்பும் வேலையும் குறையில்லாமல் இருக்க வேண்டும் என்று கொளஞ்சியப்பரைக் கும்பிட்டுவிட்டு இதை ஆரம்பிக்கிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், எழுத வரவில்லை. போனில் பேசும்போதெல்லாம் தமிழினி பக்கத்திலேயே உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், நான் வாயைத் திறந்தால் போதும், தொடையில் கிள்ளுகிறாள். மாமியாரைக் கிள்ளுகிற மருமகளை இந்த ஊரில் நான் ஒருத்திதான் வைத்திருக்கிறேன். ‘அவருக்குத் தெரிய வேணாம் அத்தை, அங்க தனியா கெடந்து பயந்துடுவாரு’ என்று தன் தலையில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கிவிட்டாள். வாயால் சொல்ல மாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன், எழுத மாட்டேன் என்று செய்யவில்லை. பக்கத்து வீட்டு கோகுலகிருஷ்ணன் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை மஸ்கட்டுக்குத் திரும்புகிறான், அவன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

விஷயம் இதுதான் சாமி. தமிழினிக்கு நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கருப்பை வாயை மூடிக்கொண்டிருக்கிறது. சிதம்பரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள். வலியே இல்லாமல் திடீரென்று ரத்தம் படும், பட்டால் தாய்க்கும் ஆபத்து பிள்ளைக்கும் ஆபத்து, உடனே ஆபரேஷன் செய்து எடுக்க வேண்டும், உள்ளூரில் வைத்துப் பார்க்கிற கேஸ் இல்லை என்றார் டாக்டரம்மா. வாசலில் கார் நிற்கிறது என்று நான் சொன்னதும், அப்படியானால் யாருக்கும் காத்திருக்காமல் ஏற்றிக்கொண்டு வந்துவிடுங்கள் என்றார். வயிறு குலுங்கக் கூடாது என்றும் சொன்னார். அடுத்த வாரம் வந்து ஆஸ்பத்திரியிலேயே சேர்ந்துகொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் ஏதாவது ஆகிவிட்டால் அவளைக் கொண்டுபோய்ச் சேர்க்க என்னை விட்டால் ஆளில்லை. உன் அப்பாவின் கண்ணைச் சர்க்கரை தின்றுவிட்டது, எதிரில் வருவது பஸ்ஸா மாடா என்று அவரால் சொல்ல முடியாது. தாயில்லாத பிள்ளை என்றுதான் வளைகாப்பு முடிந்தும் அவளை எங்கும் அனுப்பாமல் நானே வைத்துக்கொண்டேன். இப்போது அந்த இரண்டு உயிரும் என் வலது காலில் இருக்கிறது என்று நினைத்தாலே எனக்குச் சோறு இறங்குவதில்லை.

அப்பாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக நீ போன லீவில் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன சின்ன வண்டியைப் பற்றி நீ கேட்கும்போதெல்லாம் நன்றாக இருக்கிறது என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவேன். இன்றைக்கு முழுதாகச் சொல்கிறேன் கேள். டவுனுக்குள் அதைக் குறை சொல்ல முடியாது. கிளட்ச் வெறுங்காலுக்கே அமுங்குகிறது, ஸ்டியரிங் ஒரு கையால் திரும்புகிறது, எங்கள் பொம்மைப் பட்டறைச் சூளைக்குப் பின்னால் ஆட்டோக்காரனே யோசிக்கிற சந்தில் நான் திருப்பிக்கொண்டு வருகிறேன். பெட்ரோலும் அதிகம் குடிப்பதில்லை. ‘ஆயா ஆவப்போற வயசுல இதெல்லாம் எதுக்குக்கா’ என்று சிரித்த டிரைவிங் ஸ்கூல் கொளஞ்சிநாதன் இப்போது ரோட்டில் பார்த்தால் கும்பிடு போடுகிறான். ஊரைத் தாண்டினால்தான் அதன் சாயம் வெளுக்கிறது. ஏசியைப் போட்டால் பாலம் ஏற மாட்டேன் என்கிறது, அணைத்துவிட்டு இரண்டாவது கியருக்கு இறக்கினால் முனகிக்கொண்டு ஏறுகிறது. அணைத்துவிட்டாலோ வாயும் வயிறுமாக இருப்பவள் இந்த வெக்கையில் அவிந்துபோகிறாள். மூன்று பேர் உட்கார்ந்தால் பெரிய வேகத்தடையில் வண்டியின் அடி உரசுகிறது. டயர் ஒல்லி, முன்னால் இருப்பவர்களுக்குப் பள்ளம் இருப்பது தெரிகிற நேரத்தில் பின் ஸீட்டில் இருப்பவரைத் தூக்கிப் போட்டுவிடும். கதவைச் சாத்தினால் பிஸ்கட் டின் மூடுகிற சத்தம். ஒருமுறை தைரியத்தை வரவழைத்துக்கொண்டு வேப்பூர் போய் ஹைவேயில் ஏற்றிப் பார்த்தேன், ஒரு சொகுசு பஸ் பக்கத்தில் தாண்டிப் போனதும் வண்டி தானாக ஒரு முழம் நகர்ந்தது, நான் ஓரம் கட்டி நிறுத்திவிட்டு ஹோட்டலில் டீ வாங்கிக் குடித்துவிட்டு ஊர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா வீடு வந்து சேரும்வரை கதவுக் கைப்பிடியை விடவில்லை.

குலுங்கக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னாரே, அதையே பிடித்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்த ஒரே வழியில் பழகினேன். எங்கள் பட்டறையில் அச்சிலிருந்து எடுத்துக் காயவைத்த வெள்ளை மண் பொம்மையைச் சுடுவதற்கு முன்னால் பலகையில் அடுக்கித் தோளில் வைத்துத்தான் சூளைக்குக் கொண்டுபோவோம் என்பது உனக்குத் தெரியும். அந்த நிலையில் அதற்குப் பலம் கிடையாது, ஒரு எட்டுத் தப்பாக வைத்தால் மூக்கும் வாலும் பொடியாகிவிடும். விருத்தகிரி முதலாளியிடம் கேட்டு, அச்சு கோணிப்போன சுடாத கிளிப் பொம்மைகளாக ஒரு பலகை வாங்கிவந்து பின் ஸீட்டில் வைத்தேன். தமிழினி தலை வைக்கும் பக்கம் கொஞ்சம், கால் நீட்டும் பக்கம் கொஞ்சம். வேலை முடிந்ததும் அப்பாவை முன்னால் உட்காரவைத்துக்கொண்டு சிதம்பரம் ரோட்டில் ஓட்டுவேன். முதல் நாள் கருவேப்பிலங்குறிச்சி போய்ச் சேருவதற்குள் பாதிக் கிளிக்கு மூக்கில்லை. எங்கே பள்ளம், எங்கே தார் பெயர்ந்திருக்கிறது, எந்த வேகத்தடைக்கு வெள்ளைக்கோடு போடவில்லை என்று எல்லாம் மனதில் ஏறிவிட்டது. பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும் என்று ஊர்ந்து ஊர்ந்து ஓட்டி, போன வாரம் சேத்தியாத்தோப்பைத் தாண்டிச் சிதம்பரம் வரைக்கும் ஒரு கிளியின் வாலும் உடையாமல் கொண்டுபோய்ச் சேர்த்தேன். ‘உங்கம்மா வண்டி ஓட்டல, தேர் இழுக்கறா’ என்று அப்பா ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நேற்றுச் செக்கப்புக்குப் போனபோது அந்தப் பெருமையை டாக்டரம்மாவிடமும் சொன்னேன். எவ்வளவு நேரம் ஆகிறது என்று கேட்டார். இரண்டரை மணி நேரம் என்றேன். அவர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டார். ‘அம்மா, குலுங்கக் கூடாதுன்னு நான் சொன்னது சும்மா இருக்கற நாளுக்கு. ரத்தம் பட்டுட்டா அவ்ளோ நேரம் உங்க மருமகளுக்குக் கெடையாது. அன்னிக்கு எவ்ளோ குலுங்கினாலும் சரி, வந்து சேரணும்’ என்றார். இத்தனை நாளும் நான் எதைப் பழகினேன் என்று நினைத்துப் பார், பிள்ளையைச் சாகடிக்கவா பழகினேன். அவளை வீட்டில் விட்டுவிட்டு உடனே அப்பாவையும் கிளிகளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பி வேகமாக ஓட்டிப் பார்த்தேன். முடியவில்லை தம்பி. பள்ளம் கண்ணில் பட்டதும் என் கால் தானாக எழும்பிவிடுகிறது, நான் எடுப்பதே இல்லை, அதுவே எழும்புகிறது. பலகை தூக்கிப் பழகிய உடம்பு, பின்னால் ஒன்று உடையும் என்று தெரிந்தால் நின்றுவிடுகிறது. அப்பா ‘மிதி மிதி’ என்று கத்தக் கத்த நான் பிரேக்கைத்தான் மிதித்தேன். திரும்பி வந்து வாசலில் நிறுத்திவிட்டு வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து அழுதேன், அவரும் அழுதார்.

அதனால்தான் எழுதுகிறேன், நீ வா. வந்து அந்த ஸ்டியரிங்கை என் கையிலிருந்து வாங்கிக்கொள். லீவு தர மாட்டார்கள், பாஸ்போர்ட் கம்பெனியிடம் இருக்கிறது என்று நீ சொல்வாய், அவர்கள் காலில் விழுந்தாவது வா. இன்று காலையில் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய் உன் பேரில் பிராதுச் சீட்டு எழுதி வேலில் கட்டிவிட்டு வந்தேன். பெண்டாட்டி பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும்போது இவன் கடல் தாண்டி உட்கார்ந்திருக்கிறான், கூப்பிட்டு விசாரித்து அனுப்பி வை சாமி என்று எழுதினேன். பெற்ற பிள்ளை மேல் பிராது கட்டலாமா என்று அப்பா கோபித்துக்கொண்டார். வேறு யார் மேல் கட்டுவேன், ரோட்டின் மேலா கட்டுவது?

வியாழக்கிழமை, சிதம்பரம்

நேற்று அப்பா போனில் உனக்குச் சொல்லிவிட்டார். நீ அழுததும் எனக்குக் கேட்டது. ஆனாலும் எழுதியதைக் கிழிக்க மனசில்லை, கோகுலகிருஷ்ணன் இங்கேயே வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றிருக்கிறான், ஆகவே மீதியையும் எழுதுகிறேன். ஆஸ்பத்திரி மரத்தடியில் நிறுத்தியிருக்கிற நம் வண்டியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். நேற்று மத்தியானம் நான் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். தமிழினி பாத்ரூமிலிருந்து அத்தை என்று கூப்பிட்ட குரலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அப்பா ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் பிடித்துக் கொண்டுவந்தால் பின் ஸீட்டில் அந்தப் பலகையும் கிளிகளும் இருக்கின்றன, பழகலாம் என்று காலையில்தான் புதிதாக வாங்கி அடுக்கியிருந்தேன். எடுத்து வெளியே வைக்கவும் நேரமில்லை, பலகையோடு இழுத்துக் கால் வைக்கும் இடத்தில் இறக்கிவிட்டு அவளைப் படுக்கவைத்தேன். ஏசியை அணைத்தேன், கிளம்பினேன். ஊர் எல்லையில் முதல் வேகத்தடை வந்தது. என் கால் எழும்பிவிட்டது நிலவா. அந்த நேரத்திலும் எழும்பிவிட்டது. வண்டி தவழ்ந்து ஏறி இறங்கியும் கீழே ஒரு கிளி உடைகிற சத்தம் கேட்டது. பின்னாலிருந்து உன் பெண்டாட்டி சொன்னாள், ‘அத்தை, ஒடையட்டும். நீங்க போங்க.’

அப்புறம் நான் காலை எடுக்கவே இல்லை. உன் வண்டி போட்ட கூச்சலைக் கேட்டிருந்தால் நீயே பயந்திருப்பாய், நான்காவது கியரில் அது கத்துகிற கத்தலும் அடி உரசுகிற சத்தமும் அப்பா ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக்கொண்டு வழி விடுங்கப்பா என்று போடுகிற சத்தமும். பள்ளம் எல்லாம் எனக்குத் தெரியும், எல்லாவற்றிலும் விட்டேன். ஒவ்வொன்றுக்கும் கீழே கிளிகள் உடைந்துகொண்டே வந்தன. உடைகிறவரைக்கும் வேகமாகத்தான் போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். கருவேப்பிலங்குறிச்சியில் பேசிக்கொண்டு வந்தவள் சேத்தியாத்தோப்பில் பேசவில்லை, நான் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே ஓட்டினேன். ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரில் எடுத்துப் போட்டதும்தான் நான் வண்டியை அணைத்தேன். ‘நேரத்துக்குக் கொண்டாந்துட்டீங்க’ என்று மட்டும் டாக்டரம்மா சொல்லிவிட்டு உள்ளே ஓடினார்.

பெண் பிள்ளை. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள், மூச்சுக்குக் குழாய் போட்டிருக்கிறது, குறைமாசப் பிள்ளை, என் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். தமிழினிக்கு ரத்தம் ஏற்றிக்கொண்டே இருக்கிறார்கள், இன்னும் நன்றாகக் கண் திறக்கவில்லை. இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது என்கிறார்கள், யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்கிறார்கள். எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டுப் பைத்தியம் பிடிக்கிறது. பின் ஸீட்டைத் துடைக்கலாம் என்று கதவைத் திறந்தேன். கீழே வெள்ளை மண்ணும் ரத்தமும் குழைந்து கிடக்கிறது. ஒரு கிளியாவது முழுசாக இருக்கிறதா என்று கையால் துழாவிப் பார்த்தேன். ஒன்றுகூட மிஞ்சவில்லை. உன் மகள் மிஞ்சியிருக்கிறாள்.

நீயும் உன் குடும்பமும் ஒரே கூரையின் கீழ் நூறு வருஷம் இருக்க வேண்டும், அதைத் தவிர எனக்கு இப்போது வேறு ஆசீர்வாதம் வாயில் வரவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு, அழுதுகொண்டு ரோட்டைக் கடக்காதே. கோயிலில் கட்டிய பிராதை நான் இன்னும் வாபஸ் வாங்கவில்லை என்பதை மறந்துவிடாதே, நீ என் பக்கத்தில் வந்து நின்றால்தான் வாங்குவேன். எந்த நாள் திருச்சியில் வந்து இறங்குகிறாய் என்று மட்டும் சொல். வாடகைக் கார் பேச வேண்டாம், வேப்பூர் ஹைவேயில் ஏறி நானே ஏர்போர்ட்டுக்கு வருகிறேன். எனக்கு இப்போது வேகமாக ஓட்டத் தெரியும்.

உன் வரவையே பார்த்துக்கொண்டிருக்கும்
அம்மா
க. செல்வநாயகி