ஜெயவேல் உஸ்தாத்

ராயபுரம்
12.8.2024

அன்புள்ள பிராங்கிளின் அண்ணனுக்கு ஜானட் எழுதுவது.

நீ அனுப்பிய பார்சலைப் பிரித்ததும் என் கண்ணில் முதலில் பட்டது மீசை. படத்தில் இருந்தவருக்கு நல்ல முறுக்கு மீசை. அம்மா பார்த்ததோ பட்டாள உடுப்பையும் சந்தன மாலையையும்தான். உன்னிடமிருந்து நாற்பது நாளாகப் போன் இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பக்கத்து வீட்டு ஃப்ளோரன்ஸ் ஆண்ட்டி ஓடிவந்து, "பூட்டியா நைனா!" என்று அழ, தெருவே கூடிவிட்டது. மாதா கோயிலில் துக்க மணி அடிக்கச் சொல்ல ஹென்றி மாமா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. பள்ளிக்கூடத்தை விட்டதே அதனால்தான். கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன்: "அது அண்ணன் இல்ல! அண்ணனுக்கு ஏது அம்மாம் மீச?"

ஃப்ளோரன்ஸ் ஆண்ட்டிதான் முதலில் சிரித்தார்.

படத்தின் பின்னால் 'ஹவில்தார் ஜெயவேல், என் வழிகாட்டி' என்று எழுதியிருக்கிறாய். அம்மாவுக்கு இப்போது அதுதான் பயம். "செத்தவர இன்னாத்துக்குக் கும்புட்டுகினு கீறான்? இவனும் அப்டிப் போவணுமா?" என்கிறாள். சரியாகச் சாப்பிடுவதில்லை. உண்மையை எழுது.

உன் தங்கை
ஜானட்

முகாம்
30.8.2024

அன்புத் தங்கைக்கு,

அந்தப் படம் நம் வீட்டில் மாட்டி வைக்கத்தான். அவசரத்தில் கடிதத்தை உள்ளே வைக்க மறந்துவிட்டேன். மன்னித்துவிடு. ரோந்து போன இடத்தில் சிக்னலும் இல்லை. நலமாக இருக்கிறேன்.

ஜெயவேல் சண்டையில் சாகவில்லை. நான் சேரும் முன்பே ஓய்வு பெற்று, பேரனைக் கொஞ்சி, சொந்த வீட்டுக் கட்டிலில் இறந்தார். மெடல் கிடையாது. பனியில் பதினோரு வருடம் ரோந்து கூட்டிப்போய் ஒருவரையும் இழக்காமல் திரும்பியவர். பனியில் விரல் மரத்து அழுகிவிடக் கூடாதென்று, தினமும் பூட்ஸைக் கழற்றச் சொல்லி ஒவ்வொருவர் கால்விரலையும் தடவிப் பார்ப்பாராம். பட்டாளத்தில் கற்றுக்கொடுப்பவரை உஸ்தாத் என்போம். இன்றும் ரோந்து முடிந்ததும், "உஸ்தாத் விரல் கேட்கிறார்" என்று யாராவது சொன்னால் எல்லோரும் காலை நீட்டுவோம்.

எனக்குப் பத்தும் இருக்கிறது. அம்மாவிடம் சொல்.

பிராங்கிளின்

ராயபுரம்
9.9.2024

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தை அம்மாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். "கட்டில்லயா செத்தாரு? நெஜமாவா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு நெத்திலிக் குழம்பை ஊற்றி இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு, "அந்த மன்சன் பேருக்கு ஒரு பூச குடுத்துட்டு வா" என்றாள்.

கோயில் ஆபீசில் கூட்டமாக இருந்தது. பூசைக்குப் பெயர் எழுதுகிறவர் பெயரைக் கேட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "ஜெயவேலா? கிறிஸ்தவங்க பேரு மாரி இல்லியே. உங்களுக்கு இன்னா ஒறவும்மா?"

"எங்க அண்ணனோட உஸ்தாத்து" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

ஜானட்