பின் அச்சில் ஊற்றாத எண்ணெய்

ட்வின் ஃபால்ஸ், ஐடஹோ
அக்டோபர் 9

அன்பு மகள் கொரீனுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குழந்தை டெஸ்ஸாவும் அந்த மேய்ன் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். இங்கே எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. அப்பாவுக்கும் ஒன்றும் இல்லை, உடம்புக்கு மட்டும். போனில் சொல்லியிருப்பேன், நான் போனை எடுத்தாலே அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்.

ஜூனில் குழந்தை பிறந்தபோது நாங்கள் வந்து சேரவில்லையே, பழைய சாமான் யார்டுக்காரன் கெட்ட சாமானைத் தலையில் கட்டிவிட்டான், பஸ் வழியிலேயே நின்றுவிட்டது என்று சொன்னேன். அது பொய், கண்ணு. நீ கோபித்துக்கொண்டு இரண்டு மாதம் பேசாமல் இருந்தபோதும் அந்தப் பொய்யை நான் விடவில்லை.

அப்பா வீடாக மாற்றிய நம் பஸ் முன்பு பள்ளிக்கூடத்துக்கு ஓடினது, வீட்டுக்கு வீடு நின்று போவதற்கென்றே பின் அச்சில் பல்சக்கரம் அமைத்திருந்தார்கள். சக்கரம் ஒரு சுற்று சுற்ற உள்ளே தண்டு ஆறு சுற்று சுற்ற வேண்டும், ஐம்பத்தைந்து மைல் வேகம் தாண்டினால் எஞ்சின் அலறும். உள்ளே எவ்வளவு அழகாகக் கட்டில் அடுப்பு எல்லாம் வைத்து என்ன, இந்த அலறலோடு நாடு முழுக்கத் தாண்டி உன்னிடம் வர முடியாது என்று அப்பா யார்டில் கிடந்த ஒரு லாரியிலிருந்து, தண்டு நாலே சுற்று சுற்றினால் போதும் என்கிற கிரவுன் பினியன் பல்சக்கரங்களைக் கழற்றிக்கொண்டு வந்தார். மெக்கானிக் ஷெட்டில் கூட வேலை பார்த்த பழைய கூட்டாளி டுவைட் உதவிக்கு வந்தபோது, "நாற்பது வருஷமா இதைத்தான்டா செஞ்சேன், நீ வந்து எனக்கு லைட் பிடிக்கப் போறியா?" என்று விரட்டிவிட்டார். தனியாகவே மாட்டி முடித்தார்.

கிளம்பினோம். முதல் முப்பது மைல் அவ்வளவு சுகம். அப்பா ஸ்டியரிங்கைத் தட்டி, "கேட்டியா லவோன், எஞ்சின் தூங்குது" என்றார். அப்புறம் பின்னால் ஊளை மாதிரி ஒரு சத்தம், கருகின வாடை, புகை. ஓரங்கட்டிவிட்டுக் கீழே போனவர் வெகுநேரம் வரவில்லை. பல் மாற்றும்போது பழைய எண்ணெயை வடித்தவர் புதிதாக ஊற்றவே இல்லை, கொரீன். வெளியே வந்து என்னிடம், "யாரு எண்ணெயை வடிச்சது?" என்று கேட்டார். விளையாடுகிறார் என்று சிரித்தேன். மறுபடி கேட்டார். அந்தக் கண்ணில் இருந்த பயத்தை இதற்கு முன் நான் பார்த்ததில்லை.

டுவைட்தான் பஸ்ஸை இழுத்துவந்து பிரித்துப் பார்த்தார். பல்லெல்லாம் நீலம் பாய்ந்து வெந்து கிடந்தது, நம் வீட்டு ஷெட்டில் எண்ணெய் டின்கள் மூடி திறக்காமல் நின்றன. அவர் டின்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அப்பா தோளில் கைபோட்டு, "அந்த யார்டுக்காரன் உன்னை ஏமாத்திட்டான்டா மெர்ல்" என்றார். அந்தப் பொய்யை நானும் பிடித்துக்கொண்டேன். ஆகஸ்டில் டாக்டர் ஞாபகத்தைச் சோதிக்க அப்பாவை ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். கடிகாரத்தையே பிரித்துப் பூட்டுகிற மனிதர், வட்டம் போட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஞாபகம் இனித் திரும்பாது, இன்னும் போகும் என்றார் டாக்டர்.

தினம் காலையில் பஸ்ஸுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறார். போனில் பல் மாற்றப் போகிறேன் என்று உன்னிடம் சொன்னால், ஏற்கெனவே சொல்லிவிட்டீர்கள் என்று சொல்லிவிடாதே. எத்தனை பல் என்று கேள், அதில் மட்டும் இன்னும் தடுமாற்றம் இல்லை.

போன ஞாயிறு காபி எடுத்துக்கொண்டு போனேன். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்கம்மா, எந்த ஊருக்குப் போகணும்?" என்றார். மேய்னுக்கு, மகள் வீட்டுக்கு என்றேன். "ரொம்பத் தூரமாச்சே. எங்க வீட்டுக்காரியும் அங்கதான் போகணும்னு துடிக்கிறா. அவளுக்காகத்தான் இதைத் தயார் பண்றேன். அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு உங்களையும் ஏத்திக்கிறேன்" என்றார்.

அடுத்த மாதம் நன்றியறிதல் நாள் விடுமுறை வரை காத்திருக்காதே. குழந்தையைத் தூக்கிக்கொண்டு இப்போதே வா, விமானத்தில் காதுக்குக் குல்லா போடு. நீங்கள் மூவரும் குறைவில்லாமல் இருக்க வேண்டும்.

உன் அம்மா,
லவோன்