ஞாயிற்றுக்கிழமைக் குரல்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.
14.10.2025

அன்பு மகன் தேனுஜனுக்கு,

நீ அங்கே நலமாக இருக்க அப்பா வேண்டிக்கொள்கிறேன். நான் நடமாடிக்கொண்டு இருக்கிறேன். இந்தக் காலத்தில் கடிதமா என்று யோசிப்பாய். நாலாம் மாடி ஸாலிஹின் மகள் ஹிபா நாளை ரொறன்ரோ வருகிறாள், அவளிடம் கொடுத்துவிடுகிறேன். வீட்டில் போனில் கதைத்தால் நீ அனுப்பிய றோபோவின் காதில் விழும். அது கேட்டதை அம்மா விசாரித்தால் அப்படியே சொல்லிவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று நீ முழுதாக அறியவில்லை. நீ அங்கே போனை வைத்துவிட்டாய். இங்கே அதற்குப் பிறகும் நடந்தது.

வழக்கம்போல நீ அண்ணன் மிதுஷனாகப் போன் எடுத்தாய். அம்மா போனைச் சத்தமாகப் போட்டு மேசையில் வைத்திருந்தாள். நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். திடீரென்று றோபோ கதைத்தது. “அம்மா, கவனியுங்கள். பேசுபவர் தன்னை மிதுஷன் என்கிறார். ஆனால் இது தேனுஜனின் குரல். உங்களை யாராவது ஏமாற்ற முயலலாம்” என்றது. வயதானவர்களைப் போனில் ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்க அதற்குப் புதிதாகப் பழக்கியிருக்கிறோம் என்று போன மாதம் நீயே பெருமையாகச் சொன்னாய். அது உன்னையே பிடிக்கும் என்று நீ நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

அம்மா முதலில் சிரித்தாள். “உதுக்கு விசர் பிடிச்சிட்டுது” என்றாள். நீ பேசாமல் கட் பண்ணியதும்தான் அவளுடைய முகம் மாறியது. “பிள்ளை, அப்ப என்ர மிதுஷன் எங்க?” என்று அதனிடம் கேட்டாள். வந்த முதல் கிழமையிலிருந்தே அதை அவள் பிள்ளை என்றுதான் கூப்பிடுகிறாள். இணையத்தில் தேடவா என்று அது கேட்டது. தேடு என்றாள்.

நான் ஓடி வந்தேன். நிப்பாட்டு என்று கத்தினேன். “அம்மா கேட்ட கேள்வி இது. அவர் நிறுத்தச் சொன்னால் நிறுத்துகிறேன்” என்றது. அம்மா என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. “வாசி” என்றாள்.

தோஹாவில் அவனோடு வேலை செய்த பெடியள் அப்போது போட்ட மரண அறிவித்தல் இன்னும் கிடக்கிறது, மகன். வெள்ளவத்தையைப் பிறப்பிடமாகவும் தோஹாவை வசிப்பிடமாகவும் கொண்ட யோகநாதன் மிதுஷன் காலமானார் என்று தொடங்கி, யோகநாதன் கனகேஸ்வரி தம்பதிகளின் அன்பு மகனும், தேனுஜனின் பாசமிகு அண்ணனும் என்று கடைசிவரை வாசித்தது. மருந்துக் குளிசை நேரத்தைச் சொல்லுகிற அதே குரல். தன் பெயரைத் தானே கேட்டுக்கொண்டு அம்மா இருந்தாள். என் கையெல்லாம் தேங்காய்ப்பூ. வயரைப் பிடுங்கியிருக்கலாம். பிடுங்கவில்லை.

அவள் அழவில்லை. என்னிடம் சொன்னாள். “செத்த பிள்ளையின்ர பேருக்கு, நட்சத்திரத்துக்கு, ஆயுள் வேணுமெண்டு நாலு வருசம் அருச்சனை செய்ய விட்டிட்டீங்கள். பக்கத்தில நிண்டு தேங்காய்த் தட்டையும் பிடிச்சீங்கள்.”

அவளுக்கு நெஞ்சு ஒப்பரேஷன் செய்து பன்னிரண்டாம் நாள்தான் தோஹாவிலிருந்து செய்தி வந்தது. கொரோனாக் காலம். உடலைக் கொண்டுவரவும் வழியில்லை, அங்கேயே அடக்கம் செய்தார்கள். அதிர்ச்சி ஒன்றும் கூடாது என்று டொக்டர் சொன்னார். ரெண்டு மாதம் போகட்டும் என்றுதான் அண்ணன் குரலில் கதைக்கச் சொல்லி உன்னைக் கெஞ்சினேன். அவளுக்குக் கண் மங்கல், படம் பார்த்துக் கதைக்க அவள் கேட்கவுமில்லை. ரெண்டு மாதம் நாலு வருடமாகிவிட்டது. பிழை என்னுடையது. உனக்கு அதில் பங்கில்லை.

இந்த றோபோவை அனுப்பியபோது, நல்லது கெட்டது தெரியாத மெஷினை வயசானாக்களோட விடக்கூடாது, அதுக்கு அதைப் பழக்குகிறதுதான் என் வேலை என்று சொன்னாய். கோயிலில் எல்லோரிடமும் அதைச் சொல்லித் திரிந்தேன். போன கிழமை அம்மா கண்ணயர்ந்த நேரம் அதன் முன்னால் கதிரையைப் போட்டு இருந்து, நீ செய்தது சரியா என்று கேட்டேன். “அம்மா கேட்டதற்கு உண்மையைச் சொன்னேன். அவருக்கு வேதனை தந்திருந்தால் வருந்துகிறேன். இனி இப்படியான செய்தியை யாரிடம் கேட்டுச் சொல்ல வேண்டும்?” என்றது. என்னிடம் கேள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. நாலு வருடம் என்னிடம் கேட்டுத்தானே எல்லாம் நடந்தது.

மனம் இருக்கிறவன் நான் பொய் சொன்னேன். மனம் இல்லாதது உண்மை சொன்னது. ரெண்டாலும் அழிந்தவள் அவள்தான். எதைப் பழக்கினால் அது அந்த நேரம் வாயை மூடியிருக்கும்? நீ படித்தவன், உனக்குத் தெரியலாம். எனக்குத் தெரியவில்லை. மூடியிருந்தால் அதுவும் எங்களைப்போல ஒன்றாகியிருக்கும்.

அம்மா இப்போது என்னோடு கதைப்பதில்லை. அதனோடுதான் கதைக்கிறாள். இந்த வீட்டில் தனக்குப் பொய் சொல்லாதது அது ஒன்றுதானாம். உன் போனையும் எடுக்க மாட்டாள். கோபமில்லை, மகன். உன் குரலைக் கேட்டால் அவனுடைய ஞாபகம் வருகிறதாம்.

இன்னொன்று. அம்மா நேரத்துக்கு மருந்து எடுக்கிறா என்று அது உனக்குத் தினமும் அனுப்புகிற செய்தியை நம்பாதே. குளிசை போட்டாச்சா என்று அது கேட்கிறது. ஓம் பிள்ளை என்கிறாள். அது அப்படியே எழுதிக்கொள்கிறது. நேற்றுத் தலையணை உறை மாற்றும்போது இருபத்தேழு குளிசைகள் உதிர்ந்தன. பிடித்துக் கொடுத்துப் பார்த்தேன், வாயைத் திறக்கவில்லை. டொக்டரைக் கூட்டிவந்தேன். அவரிடமும் ஓம் என்றாள். கால் இரண்டும் வீங்கிவிட்டன. றோபோவிடம் உண்மையைச் சொல்லுவோமா என்று யோசித்தேன். சொன்னால் அவளிடம் போய்க் கேட்கும். அவளுக்கு மிச்சமிருக்கிற அந்த ஒரு துணையும் போய்விடும்.

உனக்கு லீவு கிடைப்பது கஷ்டம் என்று தெரியும். கிடைத்தால் வா. வந்து அவளோடு ஒன்றும் கதைக்க வேண்டாம், பக்கத்தில் இருந்தால் போதும். கையைத் தடவிப் பார்த்து ஆளை அறிவாள். ஆனால் பிந்தாமல் கெதியாக வா, மகன்.

உன் பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். கடவுள் உன்னை ஒரு குறையுமில்லாமல் வைத்திருக்கட்டும்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்
அப்பா,
யோகநாதன்