கடைசி ஒரு கெஜம்

எல்க் கூலி,
சஸ்காட்சுவான்.
ஜூன் 14, 2009

அன்புள்ள ஓடெலுக்கு,

தெற்கே மேக்கனில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு எழுதுகிறேன். உறையின் மேலிருந்த கோணல் எழுத்தைப் பார்த்ததுமே உனக்கு ஏதோ தட்டியிருக்கும். முப்பத்தேழு வருடமும் கிறிஸ்துமஸ் வாழ்த்து எழுதியவள் வெர்னாதான். அடியில் என் பெயரையும் பாதி நாள் அவளே போட்டுவிடுவாள். மார்ச் இரண்டாம் தேதி அவள் போய்விட்டாள். மூன்று வாரம்தான் படுக்கை. உனக்கு அப்போதே சொல்லியிருக்க வேண்டும். எழுத உட்காருவேன், தேதியைப் போடுவேன், எழுந்து போய்விடுவேன்.

இந்த வருடம் மழை நேரத்துக்கு வந்தது. கோதுமை கணுக்கால் உயரம் நிற்கிறது. நிலத்தை மகளும் மருமகனும் பார்த்துக்கொள்கிறார்கள். எனக்கு வேலை என்று பார்த்தால் வானொலி கேட்பதுதான். நாம் ஆடிய ஃபுட்பால் அணிக்கு டெக்ஸாஸிலிருந்து புதிதாக ஒரு குவார்ட்டர்பேக் வந்திருக்கிறானாம், உன் இடத்தில் நின்று பந்தை எறிகிறவன். அதைக் கேட்டதிலிருந்து மனசு 1971ஐ விட்டு நகர மாட்டேன் என்கிறது.

உன்னையும் இப்படி ஒரு ஜூனில்தான் அழைத்துவந்தேன். உங்கள் ஊரில் உன் கறுப்பு நிறத்தைப் பார்த்து, பந்தை எறிகிற இடம் உனக்கில்லை, ஓடிப் பிடிக்கிற இடம்தான் என்று சொல்லிவிட்டார்கள். எறிவேன் என்றால் எல்லை தாண்டி வடக்கே வருவதைத் தவிர உனக்கு வேறு வழியில்லை. எங்கள் வீட்டுக் கீழறையில் உன் இரண்டு பெட்டியையும் இறக்கிவைத்தோம். வெர்னா முட்டைக்கோஸ் இலையில் சோறும் கறியும் சுருட்டி வேகவைத்திருந்தாள். பதினொன்று தின்றுவிட்டு, “இதுல இலையையும் திங்கணுமா, இல்ல பிரிச்சுப்போடணுமா?” என்று கேட்டாய். அவள் சிரித்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்தது.

பனி தொடங்கியதும் வாசலில் நின்ற என் காரிலிருந்து மின்கம்பி தொங்குவதைப் பார்த்து, “ஏன்டா தராஸ், உங்க ஊருல காருக்கும் கரண்டு குடுப்பீங்களா?” என்றாய். “குடுக்கலேன்னா காலைல எஞ்சின் கல்லாயிடும். நாளைலருந்து உனக்கும் ஒண்ணு மாட்டிவிடறேன்” என்றேன். அறுவடைக்கு விடுமுறை கிடைத்த இரண்டு நாளும் எங்கள் அப்பாவோடு இயந்திரத்தில் ஏறி உட்கார்ந்து, தூசியில் வைக்கோல் நிறமாகி வந்தாய். அந்த வருடம் பதினாறு ஆட்டத்தில் பதினொன்று ஜெயித்தோம். குனிந்து நின்று, கால்களுக்கு நடுவே நான் பின்னால் கொடுத்த பந்து, அத்தனை நாளில் ஒரு தடவைகூட உன் கையிலிருந்து நழுவியதில்லை.

இனி எழுத வேண்டியதை எழுதிவிடுகிறேன்.

மேற்குப் பிரிவு இறுதி ஆட்டத்துக்கு ஐந்து நாள் முன்பு, பயிற்சியில் யாரோ மிதித்து என் வலது கையில் இரண்டு விரல் ஒடிந்தது. பயிற்சியாளருக்குத் தெரிந்தால் என்னை உட்காரவைத்துவிடுவார். அந்த இடத்துக்காக மூன்று வருடம் பெஞ்சில் காத்திருந்தவன் நான். வெர்னா குச்சி வைத்துக் கட்டிவிட்டாள். “ஓடெல்கிட்டயாவது சொல்லு, தராஸ். பந்து அவன் கைக்குத்தான் போவுது” என்றாள். வாயை மூடு என்று அவளை அதட்டினேன். குளிருக்கு என்று சொல்லிக் கையுறை மாட்டிக்கொண்டேன்.

கடைசி நிமிடம் உனக்கு மறந்திருக்காது. நான்கு புள்ளி பின்னால் இருந்தோம். மூன்றாவது முயற்சி, அதுதான் கடைசி. அவர்களுடைய எல்லைக் கோட்டைத் தாண்ட ஒரு கெஜம், தாண்டினால் ஆறு புள்ளி. எதிரணி ஒரு கெஜம் தள்ளி நிற்க வேண்டும் என்ற விதி இருக்கிற நம் ஆட்டத்தில் அது ஒரு தூரமே இல்லை. முன்னால் சாய்ந்தாலே போதும். தாண்டியிருந்தால் நாட்டின் இறுதி ஆட்டமான கிரே கோப்பைக்குப் போயிருப்போம். அந்த நேரத்தில் வலி தோள்வரை ஏறியது. உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பந்தை இடது கைக்கு மாற்றினேன். பந்து பக்கவாட்டில் போனது. நீ வெறுங்கையோடு நின்றாய். அவர்கள் அதன்மேல் விழுந்தார்கள்.

“தெக்கத்திக்காரன்யா, குளிர்ல கை வெறச்சுப்போச்சு” என்று பார்வையாளர் படிக்கட்டு முழுக்கக் கத்தினார்கள். அதைவிட மோசமாகவும் கத்தினார்கள், நாம் இருவரும் கேட்டோம். உடை மாற்றும் அறையில் பத்திரிகைக்காரர்கள் உன்னைச் சூழ்ந்தபோது, “என் கைதான் நழுவிடுச்சு” என்றாய். நான் மூன்றடி தூரத்தில் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். அவிழ்ந்த பிறகும் நிமிரவில்லை. ஜனவரியில் உன்னை வேண்டாம் என்று எழுதிவிட்டார்கள். நீ பள்ளிக்கூட வாத்தியாராகப் போனாய். நான் இன்னும் ஆறு வருடம் ஆடினேன்.

இந்த ஏப்ரலில் வெர்னாவின் மேசையை ஒழித்தபோது, 1983ல் நீ அவளுக்கு எழுதிய கடிதம் கிடைத்தது. அவள் எல்லாவற்றையும் உனக்குச் சொல்லியிருக்கிறாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். நீ பேசுகிற மாதிரியே எழுதியிருந்தாய். “எனக்கு முன்னாடியே தெரியும், வெர்னா. அந்த வாரம் பூரா அவன் இடது கையால காபி குடிச்சதப் பாத்துட்டுத்தான் இருந்தேன். நான் வாயத் தொறந்திருந்தா அவன ஒக்காரவச்சிருப்பாங்க. அவன் இல்லாம ஆட எனக்கு மனசில்ல. அப்போ தப்புல எனக்கும் பங்கு இருக்குல்ல? இத அவன்கிட்ட சொல்லாத. அவனா ஒருநாள் சொல்லுவான்.”

மே மாதம் பழைய ஆட்டக்காரர்களுக்கு ஒரு விருந்து நடந்தது. எழுந்து நின்று, அன்றைய தவறு என்னுடையது, விரல் ஒடிந்ததை மறைத்து ஆடினேன் என்று சொன்னேன். நம் பழைய தடுப்பாட்டக்காரன் பெர்னி வந்து என்னைக் கட்டிக்கொண்டான். “சிநேகிதனுக்காகப் பழியைத் தன் தலைல போட்டுக்கறான் பாருங்கடா! வெர்னா போனதுல ஒடஞ்சுபோயிட்டான்” என்றான். எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். ஓடெல், எனக்குக் கைதட்டினார்கள். இல்லை, இல்லை என்று நான் சொல்லச்சொல்ல இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

ஆகவே உனக்கே சொல்கிறேன், உனக்குத் தெரிந்ததுதான் என்றாலும். தவறியது உன் கையல்ல, என் கை. தப்பில் உனக்கு எந்தப் பங்கும் கிடையாது. அன்று அறையில் நான் நிமிர்ந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ பந்து எறிந்துகொண்டே இருந்திருப்பாய்.

செப்டம்பர் முதல் திங்களன்று சொந்த ஊர் ஆட்டம். வெர்னாவின் இருக்கையையும் இந்த வருடத்துக்குப் பதிந்துவைத்துவிட்டேன். எதுக்குப்பா என்று மகள் கேட்டாள், சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். நீ வருவாய் என்றால் விமான நிலையத்தில் வந்து நிற்கிறேன். முழங்கால் ஒத்துழைக்காவிட்டால் வர வேண்டாம், நாலு வரி எழுது போதும். என்னைத் திட்டி எழுது, எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. பெருந்தன்மையாக மட்டும் இருந்துவிடாதே, உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
தராஸ் குஸிக்